அரசுப் பள்ளியும் நம் ஜமாஅத்தும்

(ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்குழுவில் நம் பள்ளிவாசல் இமாம் அவர்கள் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

எல்லாப் புகழும் ஏக இறைவனுக்கே உரியது. ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அவர்தம் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக.

 

கல்வி குறித்துச் சில சொற்கள் கூறுமாறு நிர்வாகம் நம்மைக் கேட்டுக் கொண்டது. சேலம், நாமக்கல் பகுதிகளில் ஜமாஅத்துகள் கூடும் இடங்களிலெல்லாம் இப்போது ஒரு விருப்பம் அடிக்கடி ஒலிக்கின்றது. “நமக்கென ஒரு பள்ளிக்கூடம் வேண்டும்” என்பதே அது. அந்த விருப்பத்தின் பின்னாலுள்ள நல்ல நிய்யத்தை நாம் மதிக்கின்றோம். ஆயினும் அதற்கு முன்பாக நாம் செய்ய வேண்டிய காரியம் ஒன்று உண்டு. நம் மஹல்லாவிலேயே நிற்கின்ற அரசுப் பள்ளியையும், பேருந்தில் போய்வரும் தொலைவில் இருக்கின்ற அரசுக் கல்லூரியையும் நம்முடையவை என்று கருதி ஏற்றுக் கொள்வதே அக்காரியம். இன்றைய உரையின் சாரம் இதுதான்.

ஊர் வளர்கின்றது

1997 ஜனவரி முதல் நாளில் நாமக்கல் மாவட்டம் சேலத்திலிருந்து பிரிந்து இயங்கத் தொடங்கியது. 2001ஆம் ஆண்டின் மக்கள் தொகைக் கணக்கெடுப்பில் சேலம் மாவட்டத்தில் 30,16,346 பேரும், நாமக்கல் மாவட்டத்தில் 14,93,462 பேரும் இருந்தனர். 2011இல் அவை 34,82,056 ஆகவும் 17,26,601 ஆகவும் உயர்ந்தன. பத்தே ஆண்டுகளில் இரு மாவட்டங்களிலும் சேர்த்து ஏறத்தாழ ஏழு லட்சம் பேர் கூடியிருக்கின்றனர்.

இவ்வளர்ச்சி எங்கே நிகழ்ந்தது என்பதை நாம் கண்ணாலேயே காண்கின்றோம். பள்ளிபாளையத்திலும் குமாரபாளையத்திலும் விசைத்தறிகள் பெருகின. நாமக்கல்லில் கோழிப்பண்ணைகளும் லாரிக்குக் கூடு கட்டும் பட்டறைகளும், திருச்செங்கோட்டில் ரிக் வண்டித் தொழிலும் வளர்ந்தன. சேலத்தைச் சுற்றியிருந்த வயல்களும் தோப்புகளும் வீட்டுமனைகளாயின. நகரின் நடுவில் வாடகை கொடுத்து மாளாதவர்கள் ஓரங்களுக்குக் குடிபெயர்ந்தார்கள். அவர்களுள் நம்மவரும் உண்டு. பீகாரிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் வேலை தேடி வந்த குடும்பங்களும் உண்டு. ஜும்ஆ நாளில் நம் ஸஃப்புகளில் நிற்கின்ற புதிய முகங்கள் பல அவர்களுடையவை.

புதிய குடியிருப்பு உருவானதும் நாம் முதலில் செய்வது என்ன? பத்து வீடுகள் சேர்ந்தவுடன் ஓர் இடத்தை வாங்கித் தகரக் கொட்டகை அமைத்துத் தொழுகையைத் தொடங்குகின்றோம். அல்ஹம்துலில்லாஹ், அது நம் பெரியோர் கற்றுத் தந்த நல்ல வழக்கம். ஆனால் அந்தப் பத்து வீட்டுப் பிள்ளைகள் எந்தப் பள்ளிக்கூடத்திற்குப் போகின்றார்கள், எவ்வளவு தூரம் நடக்கின்றார்கள் என்பதை நாம் கேட்பதில்லை. தமிழில் ‘பள்ளி’ என்ற ஒரே சொல் தொழுமிடத்தையும் குறிக்கின்றது, கற்குமிடத்தையும் குறிக்கின்றது. ஒரு பள்ளியைப் பற்றிக் கவலைப்படும் ஜமாஅத் மற்றொரு பள்ளியை மறந்துவிடலாகாது.

97 பேரின் கணக்கு

நாம் மதரஸாவில் ஓதி வளர்ந்தவர்கள். மதரஸாவின் அருமையை நமக்கு யாரும் எடுத்துக் கூற வேண்டியதில்லை. ஆயினும் ஓர் உண்மையைச் சபையில் வைக்கக் கடமைப்பட்டுள்ளோம். 2005இல் மத்திய அரசு அமைத்த நீதியரசர் ராஜிந்தர் சச்சார் குழு, 2006 நவம்பரில் தன் அறிக்கையை அளித்தது. பள்ளி வயதிலுள்ள முஸ்லிம் பிள்ளைகளுள் மதரஸாக்களில் பயில்வோர் நாடு முழுவதிலும் சுமார் 3 விழுக்காடு மட்டுமே என்று அக்குழு கண்டறிந்தது. 6 முதல் 14 வயது வரையுள்ள முஸ்லிம் பிள்ளைகளுள் நான்கில் ஒருவர் பள்ளிக்கே போகாதவராகவோ, இடையில் நின்றவராகவோ இருந்தார் என்பதையும் அது பதிவு செய்தது.

நூற்றுக்கு மூன்று பேர் மதரஸாவில் இருக்கின்றார்கள். அவர்களுக்காக நாம் உண்டியல் வைக்கின்றோம், உணவு அனுப்புகின்றோம், பட்டமளிப்பு விழா நடத்துகின்றோம். மீதமுள்ள 97 பேர் எங்கே இருக்கின்றார்கள் என்ற கணக்கு எந்த ஜமாஅத்திடம் இருக்கின்றது? தமிழகத்தின் நிலை வடமாநிலங்களைக் காட்டிலும் மேம்பட்டது என்பது உண்மையே. ஆனால் பத்தாம் வகுப்பு முடிந்ததும் பேக்கரியிலும் பழைய இரும்புக் கடையிலும் மெக்கானிக் பட்டறையிலும் போய் நிற்கின்ற பையன்களை நாம் அறிவோம். பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் பெற்றும், “கல்லூரி தூரம், செலவு அதிகம்” என்ற காரணத்தால் வீட்டில் நிறுத்தப்பட்ட பெண்பிள்ளைகளையும் நாம் அறிவோம். நிக்காஹ் தஃப்தரில் கையொப்பமிட வரும்போதுதான் அந்தப் பிள்ளை எதுவரை படித்தது என்று நமக்குத் தெரிய வருகின்றது.

நாமக்கல் கற்பித்த பாடம்

நம் பகுதியில் பள்ளிக்கூடம் என்றவுடன் வெளியூரார் நினைப்பது நாமக்கல்லின் தனியார் விடுதிப் பள்ளிகளைத்தான். 1990களிலும் 2000களிலும் தமிழகத்தின் எல்லா மூலைகளிலிருந்தும் பிள்ளைகள் இங்கே வந்து சேர்ந்தனர். விடியுமுன் எழுந்து இரவு வரை படிக்கும் முறையைப் பார்த்துச் சிலர் ‘பிராய்லர் பள்ளி’ என்று கேலி பேசியதும் உண்டு. கேலியை விடுத்து அதன் காரணத்தை நோக்குவோம். தொழிற்கல்விக்கான மாநில நுழைவுத்தேர்வு 2007ஆம் ஆண்டுச் சேர்க்கையோடு நீங்கியபின், பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் ஒன்றே மருத்துவத்திற்கும் பொறியியலுக்கும் சாவியானது. அந்தச் சாவியைச் செய்து தரும் பட்டறைக்குக் கூட்டம் கூடியதில் வியப்பில்லை. நகையை விற்றும் நிலத்தை அடகு வைத்தும் கட்டணம் கட்டிய குடும்பங்கள் எல்லாச் சமுதாயங்களிலும் இருந்தன.

பிறகு காலம் மாறியது. 2017இல் மாநில அளவிலான தரவரிசை வெளியிடுவது நிறுத்தப்பட்டது. அவ்வாண்டு முதல் மருத்துவச் சேர்க்கைக்கு நீட் தேர்வு வந்தது. பதினோராம் வகுப்புப் பாடத்தைத் தாண்டிவிட்டுப் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தையே ஈராண்டும் படிக்க வைக்கும் வழக்கத்தைத் தடுப்பதற்காக 2017-18இல் பதினோராம் வகுப்பிற்கும் பொதுத்தேர்வு வந்தது. 2025இல் அதுவும் கைவிடப்பட்டது. ஆக, விதி மாறினால் சாவியும் மாறிவிடுகின்றது. விலை கொடுத்து வாங்கிய மதிப்பெண்ணை நம்பி ஒரு சமுதாயம் தன் கல்வியை அமைத்துக் கொள்ள இயலாது. வசதியுள்ளோர் தனியார் பள்ளிக்கு அனுப்புவதை நாம் குறை கூறவில்லை; அது அவரவர் உரிமை. கடன் வாங்கி அனுப்புவோரைத்தான் சற்று நின்று சிந்திக்குமாறு வேண்டுகின்றோம்.

சொந்தப் பள்ளி என்ற கனவு

“அப்படியானால் ஜமாஅத்தே ஒரு பள்ளியைக் கட்டட்டுமே” என்று கேட்கலாம். அரசியல் சட்டத்தின் 30ஆவது பிரிவு சிறுபான்மையினருக்கு அந்த உரிமையை அளித்துள்ளது. வாணியம்பாடி இஸ்லாமியாக் கல்லூரி 1919இலும், திருச்சி ஜமால் முஹம்மது கல்லூரியும் சென்னை புதுக் கல்லூரியும் 1951இலும் அவ்வாறு எழுந்தவை. ஆயினும் அவற்றின் பின்னே தோல் வணிகத்திலும் பிற வணிகங்களிலும் பொருளீட்டிய பெருஞ்செல்வர்களின் நிலமும் பொருளும் பல்லாண்டு உழைப்பும் இருந்தன. மாதச் சந்தாவைக் கொண்டு மின்கட்டணமும் முஅத்தினின் சம்பளமும் செலுத்துகின்ற சிறு ஜமாஅத்தின் நிலை வேறு.

பள்ளிக்கு நிலம் வேண்டும். கட்டட உறுதிச் சான்று, சுகாதாரச் சான்று, தீயணைப்புத் துறையின் தடையின்மைச் சான்று ஆகியவை வேண்டும். இவை வெறும் காகிதங்களல்ல. 2004 ஜூலை 16ஆம் நாள் கும்பகோணத்தில் நெருக்கமான ஒரு பள்ளிக் கட்டடத்தில் தீப்பிடித்து 94 குழந்தைகள் மாண்டதை நாம் மறக்கக் கூடாது. இடமும் வசதியும் போதாத நிலையில் பள்ளி நடத்துவது நன்மையைத் தேடப் போய்ப் பெரும் பொறுப்பைத் தலையில் ஏற்றுவதாகும்.

மார்க்கச் சட்டத்தின் கோணத்திலும் ஒன்றைக் கூற வேண்டும். ஸகாத் நிதியைக் கொண்டு பள்ளிக் கட்டடம் கட்டலாமா என்று சிலர் நம்மிடம் வினவினர். நம் ஹனஃபி மத்ஹபின் ஃபிக்ஹு நூல்களின்படி, ஸகாத் நிறைவேற வேண்டுமானால் அது தகுதியுள்ள ஏழையின் கைக்கு உடைமையாகச் சேர வேண்டும். இதனைத் ‘தம்லீக்’ என்போம். சுவருக்கும் கூரைக்கும் ஸகாத் செல்லாது. ஆனால் நிஸாப் அளவு பொருளில்லாத ஒரு மாணவனின் கையில் தேர்வுக் கட்டணத்திற்காக, புத்தகத்திற்காக, விடுதிச் செலவிற்காக அதைக் கொடுத்தால் தாராளமாக நிறைவேறும். சிறுவனாயின் அவன் தந்தையின் பொருள்நிலையைப் பார்த்துக் கொடுக்க வேண்டும். ஆகவே, நம் கையிலுள்ள நிதியின் இயல்பே கட்டடத்தை விட்டுப் பிள்ளைகளை நோக்கி நம்மைத் திருப்புகின்றது.

பிறர் எவ்வாறு செய்தனர்

வளரும் ஊர்களுக்குப் பள்ளி எவ்வாறு தேடிச் செல்கின்றது என்பதற்கு அமெரிக்காவின் முறை ஒரு சான்று. அங்கே ‘பள்ளி மாவட்டம்’ என்றொரு அமைப்பு உண்டு. பெரும்பாலான இடங்களில் அதன் குழுவை ஊர் மக்களே வாக்களித்துத் தேர்ந்தெடுக்கின்றனர். வீட்டு வரியின் ஒரு பங்கு நேராக அதற்குச் செல்கின்றது. ஊரின் ஓரத்தில் வீடுகள் பெருகினால், புதிய பள்ளி கட்டக் கடன் பத்திரம் வெளியிடலாமா என்று மக்களிடமே வாக்கு கேட்கின்றனர். பள்ளி முடித்தபின் தொலைவிலுள்ள பல்கலைக்கழகத்திற்குச் செல்ல வசதியற்றோர்க்காகச் சமுதாயக் கல்லூரிகள் உள்ளன. 1901இல் இல்லினாய் மாநிலத்தின் ஜோலியட் நகரில் தொடங்கிய கல்லூரி, அவ்வகை அரசுக் கல்லூரிகளுள் மிகப் பழமையானது. வீட்டிலிருந்தபடியே ஈராண்டு படித்துவிட்டு, விரும்பினால் பல்கலைக்கழகத்தில் மேற்கொண்டு தொடரலாம் என்பது அதன் வழிமுறை.

இதை அந்நிய நாட்டு அதிசயம் என்று எண்ண வேண்டா. சேலத்து அரசு கலைக் கல்லூரியின் வேர் 1857இல் தொடங்கிய பள்ளியில் இருக்கின்றது. நெடுங்காலம் அது நகராட்சிக் கல்லூரியாகவே விளங்கியது. ஊர்ப் பணத்தில் ஊருக்கென ஒரு கல்லூரியை நடத்தும் எண்ணம் இம்மண்ணுக்குப் புதிதன்று. இன்றும் நாம் செலுத்தும் சொத்து வரிச் சீட்டைக் கையிலெடுத்துப் பாருங்கள். கல்வி வரியும் நூலக வரியும் அதனுள் அடங்கியிருக்கின்றன. நாம் வரி கொடுக்கின்ற பள்ளியை ‘அரசாங்கத்துப் பள்ளி’ என்று அயலார் சொத்துப் போலப் பேசுவது முறையாகுமா?

காமராசர் முதலமைச்சராக இருந்தபோது, கல்வி இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலு அவர்களின் முயற்சியால் 1950களின் இறுதியில் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் நடந்தன. ஊர் மக்கள் நாற்காலியும் கரும்பலகையும் சீருடையும் பணமும் கொண்டுவந்து அரசுப் பள்ளிக்கு அளித்தார்கள். கல்யாண வீட்டிற்குச் சீர் கொண்டு போவது போல இன்றும் சில ஊர்களில் பள்ளிக்கூடத்திற்குக் ‘கல்விச் சீர்’ எடுத்துச் செல்கின்றனர். 2022 டிசம்பரில் தொடங்கப்பட்ட ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி’ திட்டமும் இதே வழியிலானது.

ஆசிரியர்கள் நம்மவராக இல்லையே என்று தயங்குவோர்க்கு ஸீராவிலிருந்து ஒரு நிகழ்வை நினைவூட்டுகின்றோம். பத்ருப் போரில் சிறைப்பட்ட மக்காவாசிகளுள் மீட்புத் தொகை கொடுக்க இயலாத, ஆனால் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள், மதீனாவின் சிறுவர்கள் பத்துப் பேருக்கு எழுத்துக் கற்றுக் கொடுத்தால் விடுதலை என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் முடிவு செய்தார்கள். பிற்காலத்தில் திருக்குர்ஆனைத் தொகுக்கும் பெரும்பணியை ஏற்ற ஸைத் இப்னு ஸாபித் (ரலி) அவர்களும் அவ்வாறு கற்றவர்களுள் ஒருவர் என்று வரலாற்றாசிரியர்கள் குறிக்கின்றனர். போர்க்களத்தில் எதிரில் நின்றவரிடமே எழுத்தைக் கற்கலாமெனில், நம் பிள்ளைகளின் தலையைத் தடவிப் பாடம் சொல்லும் அரசுப் பள்ளி ஆசிரியரிடம் கற்பதில் தயக்கம் எதற்கு?

அரசுப் பள்ளியின் கதவுகள்

அரசுப் பள்ளியில் பயில்வோர்க்குச் சட்டம் அளித்துள்ள வாய்ப்புகளை நம்மில் பலர் அறியாதிருப்பது வருத்தத்திற்குரியது. 2020இல் இயற்றப்பட்ட சட்டத்தால், ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்து நீட் தேர்வில் தேறியோர்க்கு மருத்துவச் சேர்க்கையில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு கிடைத்தது. 2021இல் அது பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், சட்டம் முதலிய படிப்புகளுக்கும் விரிந்தது. நாமக்கல்லிலுள்ள கால்நடை மருத்துவக் கல்லூரி நம் வாசலிலேயே இருப்பதை எண்ணிப் பாருங்கள்.

2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப் பெண் திட்டம், ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்வி சேர்ந்த பெண்களுக்கு மாதம் ரூ.1,000 என்று அமைந்தது. மூன்றாண்டுப் பட்டப்படிப்பிற்கு இது ரூ.36,000 ஆகின்றது. ஆண்பிள்ளைகளுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024 ஆகஸ்டில் வந்தது. நம் சமுதாயத்திற்கென 2007இல் ஏற்பட்ட 3.5 விழுக்காடு இட ஒதுக்கீடும் இவற்றோடு சேர்கின்றது. ஆங்கிலம் வேண்டும் என்போர்க்கு, 2012-13 முதல் அரசுப் பள்ளிகளிலும் ஆங்கில வழிப் பிரிவுகள் திறக்கப்பட்டிருக்கின்றன. இத்திட்டங்களின் நிபந்தனைகள் அவ்வப்போது மாறக்கூடியவை. ஆதலால் ஆண்டுதோறும் தலைமையாசிரியரிடம் கேட்டறிவது நலம்.

கல்லூரிக்கு வருவோம். சேலத்தில் அரசு கலைக் கல்லூரியும் அரசு மகளிர் கலைக் கல்லூரியும் உள்ளன. நாமக்கல்லில் அறிஞர் அண்ணா அரசு கலைக் கல்லூரியும், கவிஞர் இராமலிங்கம் பெயரிலான அரசு மகளிர் கல்லூரியும் உள்ளன. இராசிபுரத்திலும் ஆத்தூரிலும் அரசுக் கல்லூரிகள் உண்டு. இவை அனைத்தும் 1997இல் பிறந்த பெரியார் பல்கலைக்கழகத்தோடு இணைந்தவை. தனியார் கல்லூரிகளோடு ஒப்பிட்டால் இங்கே செலவு மிகச் சிறிது. “பெண்பிள்ளையைத் தூரமாக அனுப்ப மாட்டோம்” என்போர்க்கு மகளிர் கல்லூரி பேருந்து தூரத்திலேயே இருக்கின்றது.

பட்டறையில் நிற்கின்ற பையனுக்கும் வழி அடைபட்டுவிடவில்லை. பத்தாம் வகுப்பு தேறியவன் அரசு ஐ.டி.ஐ.யில் ஈராண்டுத் தொழிற்பயிற்சி பெறலாம். அதன்பின் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம். டிப்ளமோ முடித்தபின் பொறியியல் கல்லூரியிலும் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம். அமெரிக்கச் சமுதாயக் கல்லூரி காட்டுகின்ற படிக்கட்டு நம்மிடமும் வேறு பெயரில் இருக்கின்றது. வெல்டிங் செய்யும் கை, சான்றிதழோடு வெல்டிங் செய்தால் அதன் கூலி வேறு. அதன் மரியாதை வேறு.

ஜமாஅத் செய்யக் கூடியவை

இனி, நம்மால் ஆகக்கூடிய காரியங்களைச் சபையின் முன் வைக்கின்றோம்.

முதலாவது, சேர்க்கை. அரசுப் பள்ளிகளில் ஆகஸ்ட் முதல் நாளில் உள்ள மாணவர் எண்ணிக்கையைக் கொண்டே ஆசிரியர் பணியிடங்கள் நிர்ணயிக்கப்படுகின்றன. தொடக்கப் பள்ளியில் முப்பது பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர் என்பது கல்வி உரிமைச் சட்டத்தின் அளவு. பிள்ளைகள் குறைந்தால் ஆசிரியர் உபரி என்று வேறு பள்ளிக்கு மாற்றப்படுவார். “ஆசிரியர் இல்லை, அதனால் சேர்க்கவில்லை” என்கின்றோம். நாம் சேர்க்காததாலேயே ஆசிரியர் போய்விடுகின்றார். ஆகவே மே, ஜூன் மாதங்களில் மஹல்லாவின் ஒவ்வொரு வீட்டிற்கும் சென்று ஐந்து வயதுப் பிள்ளைகளைச் சேர்க்கச் செய்ய வேண்டும். வெளிமாநிலத் தொழிலாளர்களின் பிள்ளைகளிடம் பிறப்புச் சான்று இல்லாவிடினும் சேர்க்கை மறுக்கப்படக் கூடாது என்பதும் அச்சட்டத்தில் இருக்கின்றது.

இரண்டாவது, பள்ளி மேலாண்மைக் குழு. 2009இல் இயற்றப்பட்டு 2010 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம், இக்குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராகவும், பாதிப் பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும் என்கின்றது. தமிழகத்தில் 2022இலும் 2024இலும் இக்குழுக்கள் புதிதாக அமைக்கப்பட்டன. கழிப்பறையில் தண்ணீர் இல்லை, சுற்றுச்சுவர் இல்லை, மாலையில் பெண்பிள்ளைகள் வரும் வழியில் விளக்கு இல்லை என்று நாம் தெருவில் பேசுகின்ற குறைகளைப் பேச வேண்டிய இடம் அதுவே. அமெரிக்காவில் வாக்குப்பெட்டி வழியே கிடைப்பதன் சிறு பங்கு நமக்கு இங்கே கிடைத்திருக்கின்றது. நம் தாய்மார்கள் அதில் பங்கு பெற வேண்டும். அவர்களை அனுப்பி வைக்க ஆண்கள் முன்வர வேண்டும்.

மூன்றாவது, தூரம். ஒரு கிலோமீட்டருக்குள் தொடக்கப் பள்ளியும், மூன்று கிலோமீட்டருக்குள் நடுநிலைப் பள்ளியும் இருக்க வேண்டும் என்பது தமிழகத்தின் விதி. புதிய வீட்டுமனைகளில் அது நிறைவேறவில்லையெனில், அப்பகுதியின் எல்லாச் சமுதாயத்தாரோடும் சேர்ந்து, பிள்ளைகளின் பெயர்ப் பட்டியலுடன் மாவட்ட ஆட்சியரின் திங்கட்கிழமைக் குறைதீர் நாளில் மனு அளிக்கலாம். கோயில் தெருக்காரரும் மாதா கோவில் தெருக்காரரும் நம்மோடு கையொப்பமிடட்டும். பள்ளி வந்தால் அவர்கள் பிள்ளையும் நம் பிள்ளையும் ஒரே பெஞ்சில்தான் அமரப் போகின்றனர்.

நான்காவது, மக்தபின் நேரம். இது நம் கையிலேயே இருக்கின்றது. 2022 செப்டம்பரில் தொடங்கி 2023 ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிந்த காலை உணவுத் திட்டத்தின்படி, வகுப்புத் தொடங்குமுன்பே பிள்ளைகளுக்கு உணவு வழங்கப்படுகின்றது. காலை மக்தப் எட்டரை மணிக்கு முடிந்தால் நம் பிள்ளை உணவையும் இழந்து, முதல் பாடத்திற்கும் தாமதமாகப் போகும். ஸுப்ஹுத் தொழுகைக்குப் பின் தொடங்கி ஏழரைக்குள் முடிக்க வேண்டும். இயலாவிடில் மாலைக்கு மாற்ற வேண்டும். ஹிஃப்ளு செய்யும் பிள்ளைகளும் எட்டாம் வகுப்பையும் பத்தாம் வகுப்பையும் தனித்தேர்வராக எழுத வழியுண்டு. குர்ஆனை நெஞ்சில் சுமக்கும் பிள்ளையின் கையில் பத்தாம் வகுப்புச் சான்றிதழும் இருப்பது குர்ஆனுக்குக் குறைவன்று.

ஐந்தாவது, சான்றிதழ்கள். பிறப்புச் சான்றில் ஒரு விதமாகவும், ஆதாரில் வேறு விதமாகவும், பள்ளி மாற்றுச் சான்றில் மற்றொரு விதமாகவும் நம் பெயர்கள் எழுதப்படுகின்றன. முஹம்மது, முகமது, முகம்மது என்று ஒரே பெயர் மூன்றாகி, உதவித்தொகையும் சேர்க்கையும் தடைப்படுகின்றன. பெயர் சூட்டும் நாளிலேயே எழுத்துக்கூட்டலை முடிவு செய்து தாளில் எழுதிக் கொடுப்பது இனி நம் பொறுப்பு. பிற்படுத்தப்பட்ட முஸ்லிம் என்ற சாதிச் சான்றையும் வருமானச் சான்றையும் பத்தாம் வகுப்பிற்கு முன்பே பெற்று வைக்க வேண்டும். பன்னிரண்டாம் வகுப்பு முடிவு வந்தவுடன் பள்ளிவாசலில் ஒரு கணினியை வைத்து, விவரமறிந்த இளைஞர்கள் இருவர் அமர்ந்து, அரசுக் கல்லூரிகளுக்கான இணைய விண்ணப்பத்தைப் பூர்த்தி செய்து கொடுக்கட்டும். மதம் பாராமல் யார் வந்தாலும் செய்து கொடுக்கட்டும்.

ஆண்டறிக்கையில் ஒரு பக்கம்

இறுதியாக ஒரு வேண்டுகோள். ஜமாஅத்துகளின் ஆண்டறிக்கைகளில் மினாராவிற்கான செலவு, கம்பளத்திற்கான செலவு, ஒலிபெருக்கிக்கான செலவு, சந்தா பாக்கி ஆகிய அனைத்தும் காசு பிசகாமல் இடம் பெறுகின்றன. அமானிதத்தைப் பேணும் நிர்வாகத்தினர்க்கு அல்லாஹ் நற்கூலி வழங்குவானாக. அடுத்த ஆண்டறிக்கையில் அத்துடன் மேலும் ஒரு பக்கம் சேரட்டும். ஐந்து வயது முதல் பதினெட்டு வயது வரை நம் மஹல்லாவில் பிள்ளைகள் எத்தனை பேர், அவர்களுள் படிப்போர் எத்தனை பேர், நின்றவர் எத்தனை பேர், எந்த வகுப்பில் நின்றனர், கல்லூரியில் சேர்ந்த ஆண்கள் எத்தனை பேர், பெண்கள் எத்தனை பேர் என்ற கணக்கு அதில் இருக்கட்டும். எவர் பெயரையும் குறிக்க வேண்டா. எண்ணிக்கை மட்டும் போதும்.

நின்றவர் என்ற கட்டத்தில் எழுதப்படும் எண் ஆண்டுதோறும் குறைய வேண்டும். குறையாவிடில் பொதுக்குழுவில் எழுந்து காரணம் கேட்க ஒவ்வொரு சந்தாதாரருக்கும் உரிமை உண்டு. அதற்கு விடை கூற நிர்வாகமும் இமாமும் கடமைப்பட்டவர்கள். சந்தாப் பணத்திற்குக் கணக்குக் கேட்பது போலப் பிள்ளைகளுக்கும் கணக்குக் கேட்கும் ஜமாஅத்தாக நாம் ஆவோமெனில், நமக்கென ஒரு பள்ளிக்கூடம் தேவையா என்ற வினாவிற்கு அந்தக் கணக்கே விடை கூறிவிடும். தேவை என்று அது காட்டினால், அப்போது அனைவரும் ஒன்றுகூடி முடிவு செய்வோம், இன்ஷா அல்லாஹ்.

வல்ல ரஹ்மான் நம் பிள்ளைகளுக்குப் பயனுள்ள கல்வியை அருள்வானாக! அவர்களுக்குக் கற்பிக்கும் ஆசிரியப் பெருமக்கள் அனைவர்க்கும் நல்வாழ்வு தருவானாக! ஆமீன்.

வஸ்ஸலாம்.